இஎம்ஐக்கு புரட்டாசி தெரியாது

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சு வந்து கீபோர்ட் பையை கீழ வைக்கறதுக்குள்ள அக்கா போன். "டேய் தம்பி, நீ கொஞ்சம் வந்து இவகிட்ட பேசுடா. பிளஸ் டூ முடிச்சதும் மியூசிக் தான் படிப்பேன்னு உக்காந்துனு இருக்கா. ஒன்பது லட்சமாம். கேட்டதுல இருந்து எனக்கு கையும் ஓடல காலும் ஓடல." பின்னாடி பாப்பா "மாமாகிட்ட ஏம்மா இதையெல்லாம் சொல்ற"ன்னு கத்துறது கேட்டுச்சு.

நாங்க ராயபுரம், அக்கா வாக்கப்பட்டது தண்டையார்பேட்டை, ஹவுசிங் போர்டு வீடு, மூணாவது மாடி. ஷேர் ஆட்டோல போகும்போதே எனக்கு தெரியும் அக்கா எதுக்கு என்னைக் கூப்பிடுதுன்னு. குடும்பத்துலயே மியூசிக்னு காலேஜ்ல போய் படிச்சவன் நான் ஒருத்தன் தான், அதுக்கு கடன் வாங்கி அந்தக் கடனை கட்டி முடிக்கறதுக்குள்ள என் இருவதுகள் மொத்தமும் போயிடுச்சு, அதைப் பக்கத்துல இருந்து பாத்தது அக்கா. நான் வந்து "வேணாம் பாப்பா, பி.காம் சேரு"ன்னு சொல்லிடுவேன்னு அது நினைச்சுக்கிச்சு.

நான் அப்படி சொல்லல. ஆனா அந்த ஒன்பது லட்சத்துக்கும் சரின்னு சொல்லல. அன்னைக்கு அந்த வீட்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினதையும், பேச நேரம் இல்லாம விட்டதையும் தான் இங்க எழுதறேன். இந்த மே, ஜூன்ல எத்தனையோ வீட்ல இதே பேச்சு நடக்கும்.

என் கதையில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நம்பர் எல்லாம் என் கைல இருக்கு.

2010ல பிளஸ் டூ முடிச்சேன். சர்ச் கொயர்ல பத்து வயசுல இருந்து கீபோர்ட், வெஸ்டர்ன் மியூசிக் கிரேடு எக்ஸாம் அஞ்சு வரைக்கும் பாஸ். நைனா ஹார்பர்ல ட்ரெய்லர் ஓட்டுனாரு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ராத்திரி முழுக்க வண்டி க்யூல நிக்கும், காலைல வந்து தூங்குவாரு. அவர் தூங்கும்போது நான் ஹெட்போன் போட்டு வாசிப்பேன். ஒரு பிரைவேட் இடத்துல மூணு வருஷ கோர்ஸ், வருஷத்துக்கு 2 லட்சம். நைனா கேட்டது ஒண்ணே ஒண்ணு தான். "இத்த படிச்சா இன்னா வேலை கண்ணு?" நான் சொன்னேன், சினிமால வாசிக்கலாம், ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கலாம், வெளிநாடு போகலாம். பொய் சொல்லல. எனக்கு சொன்னதைத் தான் நான் அவருக்கு சொன்னேன்.

எஜுகேஷன் லோன். 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் எதுவும் கேக்க மாட்டாங்க, அதுக்கு மேல 7.5 லட்சம் வரைக்கும் வெளி ஆள் ஒருத்தர் கையெழுத்து, அதையும் தாண்டுனா சொத்து, இது தான் அப்போ ரூல். எனக்கு 6 லட்சம்ங்கறதால கையெழுத்துக்கு ஆள் வேணும். என் தாய்மாமா, பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில வேலை, சம்பள சிலிப்பை எடுத்துட்டு வந்து பேங்க்ல உக்காந்து நாலு எடத்துல கையெழுத்து போட்டாரு. போட்டுட்டு வெளிய வந்து எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தாரு. அந்த கையெழுத்தோட வெயிட்டு எனக்கு அப்போ தெரியல.

வட்டி 11 சதவீதம். படிக்கற மூணு வருஷம், அப்புறம் ஒரு வருஷம், அது வரைக்கும் ஒண்ணும் கட்ட வேணாம்னு சொன்னாங்க. கட்ட வேணாம்னா வட்டி ஏறாதுன்னு நானும் நைனாவும் நினைச்சோம். ஏறும். முதல் வருஷம் வாங்குன 2 லட்சத்துக்கு நாலு வருஷ வட்டி 88,000. ரெண்டாவது 2 லட்சத்துக்கு மூணு வருஷம், 66,000. மூணாவதுக்கு 44,000. மொத்தம் 1,98,000. 2014ல இஎம்ஐ ஆரம்பிக்கும்போது என் கடன் 6 லட்சம் இல்ல, 7,98,000. பத்து வருஷத்துல கட்டணும்னா மாசம் கிட்டத்தட்ட 11,000. நூத்தி இருவது மாசம். 13 லட்சத்து 20 ஆயிரம். 6 லட்சம் வாங்குனதுக்கு.

இந்த கணக்கை 17 வயசுல எனக்கு யாராவது ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டி இருக்கணும். காலேஜ்ல காட்டல, பேங்க்ல காட்டல. படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாசா மாசம் கட்டலாம், முதல் வருஷம் மாசம் 1,833 ரூபாய், ரெண்டாவது வருஷம் 3,667, அதுக்கப்புறம் 5,500, அப்படி கட்டிட்டு வந்தா கடன் 6 லட்சத்துலயே நிக்கும், இஎம்ஐ 8,300க்குள்ள வரும், அப்படி கட்டுறவங்களுக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கற வழக்கமும் பேங்க்ல உண்டு. இதெல்லாம் கடன் பாதி கட்டுன அப்புறம் தான் எனக்கு தெரிஞ்சது. லோன் எடுத்தே ஆகணும்னு இருக்கறவங்க, தயவுசெஞ்சு இந்த ஒரு பாராவை மட்டுமாவது ரெண்டு தடவை படிங்க.

கோர்ஸ் முடிஞ்சு ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல மியூசிக் டீச்சர். மாசம் 12,000. இஎம்ஐ 11,000. மீதி ஆயிரம் ரூபாய்ல பஸ் பாஸ், போன். சாப்பாடு நைனா சம்பாத்தியம். சாயங்காலம் மூணு வீட்ல கீபோர்ட் க்ளாஸ், அது தான் என் கை செலவு.

2015 ஜனவரில, சாலிகிராமத்துல ஒரு ஸ்டுடியோல அரேஞ்சரா இருக்கற ஒரு அண்ணன் கூப்பிட்டாரு. என் வாசிப்பை ஒரு கல்யாண ரிசப்ஷன்ல கேட்டிருக்காரு. "தம்பி, வந்து கூட உக்காரு. ஆறு மாசம் ஒண்ணும் தர முடியாது, அப்புறம் பாத்து செய்யறேன், ஆனா மியூசிக் ப்ரோக்ராமிங் முழுசா கத்துக்கலாம்." சினிமா மியூசிக் பத்தி தெரிஞ்சவங்களுக்கு இதோட அர்த்தம் தெரியும். முன்ன மாதிரி நாப்பது வயலின் உக்காந்து ஒரே நேரத்துல வாசிக்கற காலம் இல்ல, இப்போ பாட்டோட முக்காவாசி கம்ப்யூட்டர்ல ஒரு ப்ரோக்ராமர் கைல தான் உருவாகுது, அந்த நாற்காலிக்கு போற வாசல் இது ஒண்ணு தான், வேற வாசல் கிடையாது, ஒருத்தர் பக்கத்துல உக்காந்து தான் கத்துக்கணும்.

நான் மூணு ராத்திரி தூங்கல. ஆறு மாசம் சம்பளம் இல்லன்னா ஆறு இஎம்ஐ, 66,000. நைனாகிட்ட கேக்க வாய் வரல. ஒரு இஎம்ஐ விட்டாலும் போன் போறது தாய்மாமாவுக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்கூல்ல சம்பளம் லேட்டா போட்டு நான் பன்னண்டு நாள் தள்ளிக் கட்டுனதுக்கு, பேங்க்ல இருந்து மாமா வேலை செய்யற ஐசிஎஃப் ஒர்க்ஷாப்புக்கே போன் பண்ணி, அவரு கூட வேலை செய்யறவங்க முன்னாடி பேசி இருக்காங்க. மாமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அத்தை தான் பின்னாடி அம்மாகிட்ட சொல்லி அழுதாங்க.

அண்ணன்கிட்ட "முடியாதுண்ணா"ன்னு சொன்னேன். என் கூட படிச்சவன் ஒருத்தன் போனான். அவன் என்னைவிட நல்லா வாசிக்கறவன் இல்ல, மோசமா வாசிக்கறவனும் இல்ல, அவன் வீட்ல கடன் இல்ல, அவ்ளோ தான் வித்தியாசம். இன்னைக்கு பாட்டு லிஸ்ட்ல அவன் பேர் வருது. அவன் மேல எனக்கு ஒரு துளி கூட கோவம் இல்ல, அவன் உழைச்சான். ஆனா அன்னைக்கு எனக்கு ஒண்ணு புரிஞ்சது, பாப்பாகிட்ட நான் முதல்ல சொன்னதும் அது தான். கடன்னா பின்னாடி பணம் கட்டணும், அது மட்டும் இல்ல. நீ எந்த வேலைக்கு சரின்னு சொல்லலாம், எதுக்கு முடியாதுன்னு சொல்லலாம்னு அது முடிவு பண்ணும். மியூசிக்ல முதல் அஞ்சாறு வருஷம் காசு கம்மியா வர்ற, சில சமயம் வராத வேலைல தான் நீ வளர்ற. கரெக்டா அந்த அஞ்சாறு வருஷத்துல தான் இஎம்ஐ வந்து நிக்குது.

2017ல ஸ்கூல்ல மியூசிக் பீரியடையே எடுத்துட்டு அந்த நேரத்துல மேத்ஸ் போட்டுட்டாங்க. வேலை போச்சு. முழுநேரமா கச்சேரி, ஆர்கெஸ்ட்ரா, கல்யாணம்னு எறங்கிட்டேன். அதுல இருந்து ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டு வர்றது எல்லாம் எழுத ஆரம்பிச்சேன், தேதி, இடம், பார்ட்டி, தொகை, வந்துச்சா இல்ல பாக்கியா. அந்த நோட்டை அன்னைக்கு அக்கா வீட்டுக்கு எடுத்துட்டு போயிருந்தேன். 2018 பக்கத்தை பாப்பா முன்னாடி விரிச்சேன்.

தை மாசம் 38,500. கல்யாணம், ரிசப்ஷன், பொங்கலுக்கு ஏரியா விழா. அடுத்து தவக்காலம் வந்ததும் சர்ச் கல்யாணம் நின்னு போச்சு, பங்குனில 9,800. சித்திரை, வைகாசி பரவால்ல. ஆடில ஊர்ல எல்லாரும் கல்யாணம் இல்லன்னு சொல்லுவாங்க, ஆனா நம்ம பக்கம் ஆடி தான் சீசன், கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி எங்க பாத்தாலும் அம்மன் கோயில்ல கூழ் ஊத்துவாங்க, ராத்திரி பாட்டுக் கச்சேரி, சீரியல் லைட்டு, நான் அந்த மாசம் பதினாறு மேடை, 34,000. அப்புறம் புரட்டாசி. 7,200. ஐப்பசில மழை, ரெண்டு ப்ரோக்ராம் மேடை போட்டு நனைஞ்சு கேன்சல், அட்வான்ஸ் திருப்பிக் குடுத்தோம். டிசம்பர் முழுக்க கேரல்ஸ், தினமும் வாசிப்பு, ஆனா அது நம்ம சர்ச், அதுக்கு காசு வாங்குனதில்ல, வாங்கவும் மாட்டேன்.

மொத்தம் 2,31,000. கேக்கும்போது மாசத்துக்கு 19,000 வருதே நல்லா இருக்கேன்னு தோணும். இஎம்ஐ 1,32,000 போக 99,000. மாசம் 8,250. அதுல கீபோர்ட் சர்வீஸ், கேபிள், ஸ்டாண்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு கீபோர்டை தூக்கிட்டு வர்ற ஆட்டோ, மேடைக்கு சட்டை.

பாப்பா புரட்டாசி வரியை விரலால தொட்டுட்டு கேட்டா, "7,200 வந்த மாசம் 11,000 எப்படி மாமா கட்டுன?"

நான் அக்காவைப் பாத்தேன். அக்கா தான் பதில் சொல்லுச்சு. "என் செயின வச்சு."

ஆமா. தங்கசாலை பக்கம் ஒரு அடகு கடைல அக்காவோட செயின் அந்த வருஷம் மூணு தடவை உள்ள போய் வெளிய வந்துச்சு. மியூசிக்ல காசே இல்லன்னு சொல்றவங்ககிட்ட நான் ஒத்துக்க மாட்டேன். காசு இருக்கு. ஆனா அது அலை மாதிரி வரும், ஏறும், வத்தும். இஎம்ஐ மாசா மாசம் அதே தேதிக்கு அதே தொகை. அதுக்கு ஆடியும் தெரியாது புரட்டாசியும் தெரியாது. மாச சம்பளக்காரனுக்குன்னு வச்ச ஒரு முறையை சீசன் சம்பாத்தியக்காரன் தலைல கட்டுனா, நடுவுல இருக்கற பள்ளத்தை வீட்டுப் பொம்பளைங்க நகை தான் நிரப்புது. மீன்பிடி தடைக்காலம் இருக்குல்ல, ஏப்ரல் 15ல இருந்து அறுவத்தியொரு நாள், காசிமேட்ல கடலுக்கு போறவங்க வீட்ல இந்தக் கணக்கு எல்லாருக்கும் அத்துப்படி. மியூசிக் வீட்லயும் அதே கணக்கு தான். இங்க தடைக்காலத்துக்கு நிவாரணம் கிடையாது.

2020 பத்தி நீட்டி எழுதல. மார்ச்ல இருந்து ஒரு மேடை இல்ல, ஒரு கல்யாணம் இல்ல. ரிசர்வ் பேங்க் ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் இஎம்ஐ தள்ளிப் போடலாம்னு சொல்லுச்சு, நானும் போட்டேன். வட்டி நிக்கல. ஆறு மாசம் கட்டாததுக்கு என் கடன் முடியறது கிட்டத்தட்ட ஒன்பது மாசம் தள்ளிப் போய், 2025 மார்ச்ல தான் கடைசி இஎம்ஐ கட்டுனேன். அன்னைக்கு ஸ்வீட் பாக்ஸ் எடுத்துட்டு முதல்ல தாய்மாமா வீட்டுக்கு தான் போனேன். அவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகுது.

இவ்ளோவும் கேட்டுட்டு அக்கா சொல்லுச்சு, "பாத்தியாடி, இதுக்கு தான் சொன்னேன். நம்ம ஏரியாவுக்கும் மியூசிக்குக்கும் இன்னா சம்பந்தம்? அதெல்லாம் மயிலாப்பூர்ல இருக்கறவங்களுக்கு."

அங்க தான் எனக்கு கோவம் வந்துச்சு. அக்கா மேல இல்ல, அப்படி நினைக்க வச்சதுமேல. வீணை தனம்மாள் வாழ்ந்தது ஜார்ஜ் டவுன்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்ல வாசிக்கறதைக் கேக்க பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் பாரிஸ் பக்கம் தேடி வந்தாங்க. தியாகராஜர் திருவொற்றியூர் வந்து திரிபுரசுந்தரி மேல அஞ்சு கிருதி பாடினாரு, நம்ம ஷேர் ஆட்டோ போற அதே ஊர். சாவு வீட்ல ராத்திரி முழுக்க டேப்புன்னு ஒரு சின்ன மேளத்தை தட்டிட்டு ஒருத்தன் கானா பாடுறானே, செத்தவரோட வாழ்க்கையை நின்ன இடத்துல பாட்டா கட்டுறானே, அது மியூசிக் இல்லையா? 2018 ஜனவரில கானாவையும் ராப்பையும் சேத்துப் பாடுற கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டு கீழ்ப்பாக்கத்துல முதல் மேடை ஏறுனப்ப நான் கூட்டத்துல நின்னுட்டு இருந்தேன், உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. நம்ம ஏரியாவுக்கு மியூசிக் எப்பவும் இருந்தது. நம்மகிட்ட இல்லாதது, மியூசிக் கத்துக்கற காலத்துல சோறு போட ஒரு ஆள். அதுக்காக தான் கடன் வாங்கறோம். அந்த கடனே அந்தக் காலத்தை தின்னுடுது.

இப்போ பாப்பாவோட விஷயம். அவ வயலின். சர்ச்ல ஆரம்பிச்சது, நொட்டேஷன் பாத்து வாசிப்பா, அப்புறம் மூணு வருஷமா தங்கசாலைல ஒரு டீச்சர்கிட்ட கர்நாடிக். வர்ணம் எல்லாம் வாசிக்கறா, போன தடவை கல்யாணி ராகத்துல ஒண்ணு வாசிச்சு காட்டுனா, அந்த மத்யமத்தை அவ புடிச்ச விதத்துல எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, வீட்ல யாருக்கும் தெரியாது. அவ எடுத்துட்டு வந்த புரோஷர்ல ஸ்டுடியோ, கண்ணாடி ரூம், கிராண்ட் பியானோ. வருஷத்துக்கு 3 லட்சம், மூணு வருஷம்.

பேப்பர்ல போட்டோம். என் கணக்கை ஒன்றரையால பெருக்குனா போதும். அதே 11 சதவீதம்னா, 9 லட்சம் இஎம்ஐ ஆரம்பிக்கும்போது 12 லட்சம் கிட்ட நிக்கும். மாசம் 16,500. மொத்தம் 19 லட்சத்து 80 ஆயிரம். பொண்ணுங்களுக்கு அரை சதவீதம் குறைக்கற பேங்க் இருக்கு, அது பெரிய வித்தியாசம் பண்ணாது. அதோட 7.5 லட்சம் தாண்டுறதால சொத்து பத்திரம் கேப்பாங்க, ஹவுசிங் போர்டு வீட்டுக்கு பத்திரம் இன்னும் இவங்க பேருக்கு ஆகல. அப்போ பிரைவேட் ஃபைனான்ஸ், வட்டி இன்னும் மேல. இல்லன்னா தண்டல், தினமும் வாசல்ல வந்து வசூல் பண்ற வட்டிக் கடன். தண்டல்னு சொன்னதும் அக்கா எழுந்து கிச்சனுக்கு போயிடுச்சு.

வட்டி மானியம் இருக்கான்னு பாப்பா கேட்டா. சென்ட்ரல் கவர்மெண்ட் ஸ்கீம் இருக்கு, குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கற காலத்து வட்டியை அவங்க கட்டுவாங்க, ஆனா அது அங்கீகாரம் உள்ள காலேஜ்ல டெக்னிக்கல், புரொபஷனல் படிப்புக்கு. புரோஷரை திருப்பித் திருப்பி பாத்தோம், கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல "டிப்ளமோ"ன்னு இருந்துச்சு. எந்த யூனிவர்சிட்டி பேரும் இல்ல.

இதுல எனக்கு அடிபட்ட அனுபவம் இருக்கு. நான் படிச்ச கோர்ஸும் அப்படித் தான், அவங்களே குடுக்கற சர்டிபிகேட், யுஜிசி கணக்குல டிகிரி இல்ல. வேலை போனப்ப டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுதலாம்னு அப்ளிகேஷனை திறந்தா, டிகிரின்னு கேக்கற கட்டத்துல நிரப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆறு லட்சம் கட்டி மூணு வருஷம் படிச்சும் கவர்மெண்ட் கண்ணுக்கு நான் பிளஸ் டூ. எம்.ஏ சேர முடியாது, பி.எட் சேர முடியாது. மியூசிக் தான் முக்கியம், பேப்பர் என்னத்துக்குன்னு 17 வயசுல தோணும், எனக்கும் தோணுச்சு. அந்த பேப்பர் மியூசிக்குக்கு இல்ல, புரட்டாசிக்கு.

ஆனா அந்த படிப்பு வீண்னு நான் சொல்ல மாட்டேன். ஹார்மனி அங்க தான் கத்துக்கிட்டேன், காது அங்க தான் தொறந்துச்சு, இன்னைக்கு எனக்கு வேலை சொல்றவங்கள்ல பாதி பேர் அங்க கிடைச்ச ஃப்ரெண்ட்ஸ். நல்ல வாத்தியாருங்க இருந்தாங்க. படிப்பு தப்பில்ல, அதுக்கு நான் குடுத்த விலை தான் தப்பு, அதை குடுத்த வயசும் தப்பு.

அப்போ குறைஞ்ச விலைல எங்க கிடைக்கும்? இதை நான் 2010ல தேடவே இல்ல, யாரும் சொல்லவும் இல்ல. அடையாறு ஆத்தங்கரைல பிராடி கேஸில்னு ஒரு பழைய வெள்ளை பங்களா, அதுல தான் கவர்மெண்ட் இசைக் கல்லூரி. 1949ல ஆரம்பிச்சது, முதல் பிரின்சிபால் முசிறி சுப்பிரமணிய ஐயர். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில்னு இருக்கு. ஃபீஸ் ஆயிரக் கணக்குல தான், லட்சத்துப் பக்கமே போகாது. இதே மாதிரி மதுரை, கோயம்புத்தூர், திருவையாறுலயும் கவர்மெண்ட் இசைக் கல்லூரி இருக்கு. 2013ல தமிழ்நாட்டுக்குன்னே ஒரு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் வந்துடுச்சு. பொண்ணுங்கன்னா பீச்ல ராணி மேரி காலேஜ், 1914ல ஆரம்பிச்ச கவர்மெண்ட் காலேஜ், அங்க பி.ஏ மியூசிக்கே இருக்கு. மேல படிக்கணும்னா மெட்ராஸ் யூனிவர்சிட்டில இந்திய இசைக்குன்னு தனி டிபார்ட்மெண்ட். பாப்பா ஆறாவதுல இருந்து கார்ப்பரேஷன் ஸ்கூல், அதனால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் அவ அக்கவுண்டுக்கு வரும். ஒரு பக்கம் மாசம் 16,500 போற கணக்கு, இன்னொரு பக்கம் மாசம் 1,000 வர்ற கணக்கு. ரெண்டையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதினப்ப பாப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

அப்புறம் பேசினா. "மாமா, அங்க ஸ்டுடியோ சொல்லித் தர மாட்டாங்களே. எனக்கு ரெக்கார்டிங்ல வாசிக்கணும்."

இது நியாயமான கேள்வி, நான் மழுப்பல. கவர்மெண்ட் இசைக் கல்லூரில முக்கியமா கர்நாடக மரபு. சவுண்ட் இன்ஜினியரிங், ப்ரோக்ராமிங், ஜாஸ் எல்லாம் எதிர்பார்க்க முடியாது. என்னை மாதிரி கீபோர்ட் பையனுக்கு அங்க இடமே இல்ல. அப்படி இருக்கற பசங்களுக்கு நான் சொல்றது, வியாசர்பாடில அம்பேத்கர் கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ் இருக்கு, பிராட்வே பக்கம் பொண்ணுங்களுக்கு பாரதி காலேஜ் இருக்கு, ஏதோ ஒரு டிகிரியை கிட்டத்தட்ட காசே இல்லாம முடி, கூடவே கிரேடு எக்ஸாம் எட்டு வரைக்கும் எழுது, சாயங்காலமும் சனி ஞாயிறும் மேடைக்கு போ. மூணு வருஷம் கழிச்சு உன் கைல டிகிரியும் இருக்கும், வாசிச்ச நூறு மேடையும் இருக்கும், கடன் இருக்காது. அப்போ சாலிகிராமத்துல ஒரு அண்ணன் கூப்பிட்டா நீ போகலாம்.

பாப்பாவுக்கு வயலின்ங்கறதால வழி இன்னும் நேரா இருக்கு. ரெக்கார்டிங்ல வயலினுக்கு வேலை குறைஞ்சிருக்கு, ஆனா ஒரே ஆள் உக்காந்து நாலஞ்சு லேயர் வாசிச்சுக் குடுக்கறவங்களுக்கு இன்னும் கூப்பிடு வருது, அவங்க எல்லாருக்கும் நொட்டேஷனும் தெரியும், ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கற கர்நாடிக் கமகமும் தெரியும், ரெண்டும் தெரிஞ்ச பொண்ணு இவ. வடபழனில இருக்கற சினிமா மியூசிஷியன் யூனியன் கார்டு அப்புறம் யோசிக்கலாம். ரேடியோ ஆடிஷன் குடுக்கலாம், பி கிரேடுல ஆரம்பிச்சு பி-ஹை, ஏ, டாப்னு ஏறலாம், காசு பெருசா இல்லன்னாலும் கிரேடு வாங்குன ஆர்ட்டிஸ்ட்னா கச்சேரிக்கு கூப்பிடற மரியாதையே வேற. வீட்ல க்ளாஸ் எடுக்கலாம், நம்ம ஏரியால வயலின் டீச்சர் எங்க இருக்காங்க, பசங்க எல்லாம் அண்ணா நகர் வரைக்கும் போறாங்க.

ஸ்கூல் வேலையை மட்டும் நம்பாதன்னு சொன்னேன். 2012ல கவர்மெண்ட் ஸ்கூல்ல ஓவியம், உடற்கல்வி, இசை, தையல்னு பகுதிநேர ஆசிரியர் 16,549 பேரை எடுத்தாங்க, மாசம் 5,000. கொஞ்சம் கொஞ்சமா ஏறி 2023ல தான் 12,500ன்னு அறிவிச்சாங்க. நிரந்தரம் பண்ணுங்கன்னு எத்தனை வருஷமா வெயில்ல உக்காந்து போராடுறாங்க. அந்த சம்பளத்துல 16,500 இஎம்ஐ எப்படி கட்டுறது, நீயே சொல்லு.

அக்காவுக்கு இன்னொரு பயம், பொண்ணு ராத்திரி ப்ரோக்ராம் முடிச்சு எப்படி வருவான்னு. அது நிஜமான பயம். நான் இருக்கற வரைக்கும் நான் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்.

போன புதன்கிழமை நானும் பாப்பாவும் அடையாறு போனோம், கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷன்ல எறங்கி நடந்தோம். வாசல்ல நுழையும்போதே ஒரு ரூம்ல தவில், இன்னொரு ரூம்ல யாரோ சரளி வரிசை, மரத்தடில ரெண்டு பசங்க வாயால சொல்கட்டு சொல்லி கையால தாளம் போட்டுட்டு இருந்தாங்க. பாப்பா வயலின் பையை மார்போட கட்டிப் புடிச்சுட்டு அங்கயே நின்னுட்டா. ஆபீஸ்ல ஒரு அம்மா, எப்போ அப்ளிகேஷன் குடுப்பாங்க, என்னென்ன சர்டிபிகேட் வேணும்னு பொறுமையா சொன்னாங்க. அந்த கண்ணாடி ரூம் ஸ்டுடியோ ஆசை பாப்பாவுக்கு இன்னும் போகல, நான் போகவும் சொல்லல, ரெண்டாவது வருஷத்துல சனி ஞாயிறு மட்டும் ஒரு ரெக்கார்டிங் கோர்ஸ், அதுக்கு என் ஆடி மாச காசு, அது எங்களுக்குள்ள பேச்சு.

ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கும்போது அக்கா போன். பாப்பா ஸ்பீக்கர்ல போட்டா.

"ஃபீஸ் எவ்ளோடி?"

சொன்னா.

"மாசத்துக்கா?"

"வருஷத்துக்கும்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குக்கர் சத்தம் மட்டும் தான் கேட்டுச்சு. அப்புறம், "சரி, மாமாவுக்கும் சேத்து சோறு வச்சுட்டேன், நேரா வீட்டுக்கு வாங்க."

சனிக்கிழமை தங்கசாலை டீச்சரைப் பாக்கணும். செலக்ஷன்ல என்ன வாசிக்க சொல்லுவாங்க, எத்தனை வர்ணம் தயார் பண்ணணும்னு கேக்கணும், அப்படியே வயலினுக்கு ஈ கம்பி ஒண்ணு வாங்கணும், அறுந்து ஒரு வாரம் ஆகுது.